ஒரு வாய் அசை

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசையில் நிற்பவனுக்கு ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கரண்டி விழுந்ததும் தட்டின்மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் உண்ணாமலை அத்தையின் கரண்டி மூன்றாவது முறையும் இறங்கிவிடும். போதும் என்கிற வார்த்தை அவள் காதில் ஏறியதே இல்லை. "வளர்ற புள்ளைக்கு என்னடா போதும்?" என்று கேட்டு, கவிழ்த்த கையின் மேலேயே ஒருநாள் சாம்பார் சோற்றை வைத்துவிட்டாள். கை சுட்டது. அதையும் வழித்துத் தின்றேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்ட பிறகும், பகல் பன்னிரண்டரை ஆனால் என் கால் ஏன் அந்தச் சமையல்கூடத்துப் பக்கம் போகிறது என்று அவள் கேட்டதில்லை. தட்டைத்தான் நீட்டினாள்.

விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காடு முடிகிற இடத்தில் எங்கள் தெரு. அத்தைக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் அதே தெருதான். நடுவில் பதினைந்தடி தார்ச்சாலை. இந்தப் பக்கம் அவள், எதிர்ப்பக்கம் அவள் அண்ணன் அண்ணாதுரை. புருஷன் வீரமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். லீவு கிடைத்தால்தான் வருவார். மகள் ஜெயசுதா பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். மிச்சம் இருப்பது பிச்சி. பிச்சி, பசுமாடு. கன்றிலிருந்து அத்தை வளர்த்தது. இது நடந்த தையில் எட்டு மாதச் சினை.

அத்தைக்கு இந்த ஊட்டுகிற பைத்தியம் எப்போது பிடித்தது என்று எங்கள் அம்மா சொல்லுவாள். அத்தைக்கு எட்டு வயது, அண்ணாதுரை மாமாவுக்குப் பத்து. பெற்றவர்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு விடியுமுன் போய்விடுவார்கள். அத்தைதான் உலை வைப்பாள். சோறு ஒருவருக்குத்தான் காணும். அண்ணன் தட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நான் அப்பவே தின்னுட்டேன்" என்பாள். பிறகு பானையைக் கழுவுகிற சாக்கில் அந்தத் தண்ணீரைக் குடிப்பாள். மாமாவுக்கு இது தெரியாது என்று அத்தை நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த அண்ணன்தான் போன ஐப்பசியில் அவள் கொண்டுபோன சோற்றுப் பானையைத் தெருவில் கவிழ்த்தார்.

மாமாவின் மனைவி ஜெயசித்ராவுக்குச் சர்க்கரை வியாதி. அத்தைக்கு அவள் அண்ணி. அதற்கும் மேலே கூட்டாளி. பத்தியச் சாப்பாட்டில் இளைத்து இளைத்து, அத்தை வீட்டு மதில் ஓரமாக வந்து நின்று, "உண்ணாமல, பசி உயிர் போவுது. ஒரு வாய் இனிப்பா ஏதாவது குடேன்" என்பாள். அத்தையிடம் வந்து பசி என்று சொன்னால் நடக்கிறதுதான் நடந்தது. அதிரசம், கேசரி, ஒருநாள் பால் பாயசம். மாமா கண்டுபிடித்துச் சத்தம் போட்டார். அத்தை நிறுத்தினாள், இரண்டு நாள். அண்ணிக்குக் காலில் புண் வந்தது, ஆறவில்லை. தஞ்சாவூரில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ஐப்பசியில் உயிரே போய்விட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாதே என்று அத்தை ஆக்கிக்கொண்டு போனபோதுதான் மாமா பானையைத் தட்டிவிட்டார்.

"ஊட்டி ஊட்டியே கொன்னுட்ட. இன்னும் யாருக்கு ஊட்ட வந்த?"

மொத்தத் தெருவும் கேட்டது. அதற்குப் பிறகு அத்தை யார் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்திலும் இரண்டு கரண்டியோடு கை நின்றுவிட்டது. மூன்றாவதை எதிர்பார்த்துக் கையைக் கவிழ்த்த பிள்ளைகள் ஏமாந்தார்கள். கையைக் கவிழ்த்து வைத்து, ஒன்றும் விழாமல் போவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இப்படியே தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று எல்லார் வீட்டு வாசலிலும் மாடு குளித்து, கொம்பில் சாயம் பூசி நின்றது. அண்ணாதுரை மாமா வீட்டில் மட்டும் கோலம் இல்லை, கரும்பு இல்லை. சாவு விழுந்த வருஷத்தில் பொங்கல் கிடையாது. அத்தை பழைய பழக்கத்தில் தெருவுக்கே சேர்த்து உலை வைத்துவிட்டாள். வெண்பொங்கல் ஒரு பானை, சர்க்கரைப் பொங்கல் ஒரு பானை. இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கொடுக்க ஆள் இல்லை என்று. கிண்ணங்களை வரிசையாக எடுத்து வைத்தாள். பார்த்தாள். திரும்ப அடுக்கினாள்.

மாட்டுக்கு ஒரு உருண்டை பொங்கலும் ஒரு பழமும் கொடுப்பதுதான் வழக்கம். அத்தை ஓர் உருண்டை கொடுத்தாள். பிச்சி நாக்கால் அவள் மணிக்கட்டு வரை நக்கியது. இன்னொன்று கொடுத்தாள். வருஷம் முழுக்க வைக்கோலும் கடலைக்கொடியும் தின்ற மாடு, வேண்டாமென்றா சொல்லும்? ஐப்பசியிலிருந்து அத்தை யாருக்கும் போடாமல் வைத்திருந்த மூன்றாவது கரண்டி எல்லாம் அன்று சாயங்காலம் பிச்சியின் வாய்க்குள் போனது. "தின்னுடி. நீ ஒருத்தியாச்சும் தின்னு" என்று அவள் சொன்னதை, பலூன் ஊதி எங்கள் தெரு ராஜதுரை வீட்டுக் காளையின் வாலில் கட்டப் போன நான் கேட்டேன். இரண்டு பானையும் காலி.

மறுநாள் காலையில் பிச்சி எழுந்திருக்கவில்லை.

இடது பக்க வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி சாம்பல் நிறத் தண்ணீராகப் போனது. புளித்த மாவு நாற்றம். காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தலையைத் திருப்பி விலாவின் மேல் வைத்துக்கொண்டு, தன் வயிற்றையே கேள்வி கேட்பது மாதிரி பார்த்தது. பொங்கல் லீவுக்கு வந்திருந்த ஜெயசுதா ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டு, ஒன்பது மணிக்குக் கால்நடை டாக்டர் இளவரசன் பைக்கில் வந்தார். காலையிலிருந்து இது நான்காவது வீடாம். சட்டையெல்லாம் சாணி.

"என்னம்மா போட்டீங்க?"

"வைக்கோலு... கொஞ்சம் தவுடு..."

"நேத்து மாட்டுப் பொங்கல். எனக்கும் தெரியும். எவ்வளவு போட்டீங்க?"

ஜெயசுதா உள்ளே போய் இரண்டு பானையையும் தூக்கிக்கொண்டு வந்து அவர்முன் வைத்தாள். டாக்டர் பானையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"முழுசாவா?"

"ஆசையா தின்னுச்சு சார்."

"அது திங்கும்மா. நீங்க போட்டது மாட்டுக்கு இல்ல. மாட்டு வயித்துக்குள்ள ஒரு ஊரு இருக்கு, அந்த ஊருக்குப் போட்டிருக்கீங்க." பேசிக்கொண்டே ரப்பர் குழாயைப் பிச்சியின் வாய் வழியாக உள்ளே இறக்கினார். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒத்த செல்லு. வாயும் கெடையாது மூக்கும் கெடையாது. மேல் தோலாலயே தொட்டுப் பாத்துக்கும், என்ன தீனி வந்துருக்கு, எவ்வளவு வந்துருக்குன்னு. வைக்கோல் வந்தா அதைத் திங்குற கூட்டம் மெதுவா வேலை பாக்கும். இனிப்பு, மாவு வந்தா இன்னொரு கூட்டம் முழிச்சுக்கும். கொஞ்சமா வந்தா அதுவும் ஒழுங்காத்தான் இருக்கும். வெள்ளமா வந்துச்சுன்னா குணமே மாறிடும். இருக்குறப்பவே அள்ளுடான்னு தின்னு தின்னு, ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். புளிப்பாக் கக்கும். அந்தப் புளிப்புல மத்ததெல்லாம் செத்துரும்."

குழாய் வழியாகச் சாம்பல் தண்ணீர் கொட்டியது. வந்த நாற்றத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

"வயிறு ரொம்புனா நிறுத்தாதா சார் அதுங்க?" என்று அத்தை கேட்டாள்.

"வெளிய தீனி இருக்கா இல்லையான்னுதாம்மா அதுக்குத் தெரியும். மாடு இருக்கா இல்லையான்னு தெரியாது."

ஒன்பதாம் வகுப்பில் செல்லின் படம் வரையச் சொன்னபோது, அதற்குக் கண்ணும் மீசையும் வைத்து அறிவியல் வாத்தியாராக மாற்றி அடி வாங்கியவன் நான். அன்று அந்தக் கொட்டகையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டார். குளுக்கோஸ் இல்லாத பாட்டிலாகப் பார்த்து எடுத்து உத்திரத்தில் கட்டி ஊசி ஏற்றினார். கை கழுவும்போது சொன்னார்: "புளிப்பைக் குறைச்சாச்சு. ஆனா உள்ள ஊரே செத்துக் கெடக்கு. நீங்க இனிமே அமிர்தமே குடுத்தாலும் செரிக்க ஆள் இல்ல. நல்லா இருக்குற இன்னொரு மாட்டு வாயிலேந்து அசை எடுத்து வெதுவெதுன்னு தண்ணியில கரைச்சு ஊத்துங்க. அதுல உயிரோட இருக்குற பூச்சிங்க உள்ள போய்க் குடியேறணும். நாலஞ்சு கை வேணும். எடுத்த சூட்டோட ஊத்தணும்."

"எந்த மாடுன்னாலும் ஆவுமா சார்?" என்றாள் ஜெயசுதா.

"நேத்து பொங்கல் தின்ன மாடு வேணாம். அதுக்குள்ளயும் இதே கூத்து கொஞ்சம் நடந்துக்கிட்டு இருக்கும். வெறும் வைக்கோல் தின்ன மாடாப் பாருங்க. இருட்டுறதுக்குள்ள பாருங்கம்மா. நான் சாயந்தரம் வரேன்."

"என் கையால குடுத்ததாலதானா சார் இப்படி?" என்று அத்தை கேட்டபோது பைக் கிளம்பிவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பொங்கல் தின்னாத மாட்டைத் தேடிப் போவதைப் போல ஒரு முட்டாள்தனம் எங்கள் ஊரில் அதற்குமுன் நடந்ததில்லை. அத்தையும் ஜெயசுதாவும் வீடு வீடாக ஏறினார்கள். எல்லாரும் பெருமையாகவே சொன்னார்கள், எங்கள் மாடு ஐந்து உருண்டை தின்றது, எங்கள் மாடு கரும்போடு தின்றது என்று. ராஜதுரை, "என்கிட்ட வேணா எடுத்துக்கங்க அக்கா. நேத்துலேந்து நானும் மென்னுக்கிட்டேதான் இருக்கேன்" என்றான். வழக்கமாக இப்படிப் பேசினால் அத்தை அவன் தலையில் ஒன்று வைப்பாள். அன்று கையெடுத்துக் கும்பிட்டாள். ராஜதுரைக்கு முகம் செத்துவிட்டது. தன் பைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குத் தேடப் போனான்.

தெருக்கோடியில் அத்தை நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். கோலம் போடாத வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மாமா வூட்டு மயிலைப் பசு" என்றாள் ஜெயசுதா. "நான் போய்க் கேக்கட்டாம்மா?"

"நீ போய் பிச்சிகிட்ட ஒக்காரு."

பிறகு நடந்ததை நான் பார்த்தேன். எங்கள் மாடியிலிருந்து அண்ணாதுரை மாமாவின் மாட்டுக் கொட்டகை நன்றாகத் தெரியும். அந்த வசதியை நான் வேறு காரியங்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறேன். அது இங்கே வேண்டாம். மாமா காட்டுக்குப் போயிருந்தார். உச்சி வெயில். பின்பக்க வேலிப் படலை நகர்த்திவிட்டு அத்தை உள்ளே நுழைந்தாள். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, தன் பிறந்த வீட்டுக்குள் திருடியைப் போல வந்தாள். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. செல்போனை எடுத்து வீடியோ கூட எடுக்கப் பார்த்தேன்.

மயிலை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அத்தை அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு குந்தினாள். ஒரு கவளத்தை மென்று விழுங்கியதும், கொஞ்ச நேரத்தில் அடுத்த உருண்டை தொண்டை வழியாக மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். ஏறியது. அத்தை கையை வாய்க்குள் விட்டாள். மயிலை துள்ளி எழுந்து தலையை உதறியது. அவள் கீழே விழுந்தாள். எழுந்தாள். மறுபடி காத்திருந்தாள், மறுபடி கையை விட்டாள். இந்தத் தடவை கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. கத்தவில்லை. கையை வெளியே இழுக்கவும் இல்லை. இன்னும் உள்ளே விட்டாள். முழங்கை வழியாக எச்சிலும் ரத்தமும் வழிந்தது. நான் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"என்ன பண்ற?"

தலையில் சோளத்தட்டைக் கட்டோடு மாமா நின்றார். ஐப்பசிக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அசை" என்றாள் அத்தை.

"திருட வந்தியா?"

"கேட்டா குடுப்பியா நீ?"

"கேட்டியா?"

மாமா கட்டைக் கீழே போட்டார்.

"பிச்சி படுத்துருச்சுண்ணே. நாந்தான். பானையோட போட்டேன்."

"மறுபடியுமா?"

கையால் அறைந்திருந்தால்கூட அவள் நின்றிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியுந்தான். அண்ணிக்கும் நாந்தான், இதுக்கும் நாந்தான். என்கிட்ட வந்து வாயத் தொறந்த எதுவும் வெளங்காது. இந்தக் கைய வெட்டிப் போட்டுடு. அதுக்கு முந்தி ஒரு வாய் அசை குடுண்ணே. வயித்துல கன்னு இருக்கு."

மாமா அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு மயிலையின் பக்கம் போய் அதன் முதுகைத் தடவினார். மாடு அடங்கியது. இடது கையால் அதன் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தார்.

"பாத்திரம் எங்க?"

அவள் எதுவும் கொண்டுவரவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தாள். கவளம் மேலே வந்தது. மாமா ஒரே அள்ளலில் எடுத்து அதில் போட்டார். பச்சையும் பழுப்புமாக ஆவி பறந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வாயில் இருந்ததைப் பறித்தால் மாடு கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு அசையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் மயிலையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தஞ்சாவூர் டாக்டரு ஒண்ணு சொன்னாரு" என்றார் மாமா, மாட்டிடம் சொல்வது மாதிரி. "அவ ரத்தத்துல சக்கரை ஆறா ஓடுதாம். ஆனா ஒடம்புல உள்ள ஒவ்வொரு செல்லும் பட்டினியாம். கதவைத் தொறக்கச் சொல்லிச் சேதி வருதாம், அதுங்களுக்குக் காது கேக்கலியாம். வாசல்ல சோறு குமிஞ்சு கெடக்கு, உள்ள பட்டினி."

அடுத்த கவளம் வந்தது. எடுத்துப் போட்டார்.

"அவ பசின்னு சொன்னது பொய்யின்னுதான் நான் நெனைச்சேன். நாக்கு ருசிக்கு அலையுறான்னு திட்டிக்கூட இருக்கேன். நெசமாவே பசிச்சிருக்கு அவளுக்கு." கையைத் துண்டில் துடைத்தார். "நீ போட்டது தப்புதான் உண்ணாமல. தப்பில்லேன்னு நான் சொல்லல. ஆனா பசிக்குதுன்னு அவ சொன்னத நம்புனது நீ ஒருத்திதான்."

ஐந்து கவளம் சேர்ந்ததும் முந்தானையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அத்தை தார்ச்சாலையைத் தாண்டி ஓடினாள். மாமா பின்னால் ஓடினார். ஜெயசுதா வெந்நீரை விளாவி வைத்திருந்தாள். பிழிந்து, வடிகட்டி, மூங்கில் குழாயில் பிச்சியின் வாய்க்குள் ஊற்றினார்கள். மாமா தலையைத் தூக்கிப் பிடித்தார். பாதி வெளியே வழிந்தது. பாதி உள்ளே போனது.

ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "இன்னும் சத்தமே இல்ல" என்றார். பிறகு வேறொரு இடத்தில் காதை வைத்தார், கையை வைத்து அழுத்தினார், ஜெயசுதாவைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அத்தை அதைப் பார்த்தாள். மறுநாள் பகலில் பிச்சி கன்றைப் போட்டது. கிடாரி. உயிர் இல்லை. மாமாதான் எடுத்துப் போய் வேலி ஓரத்தில் புதைத்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு, மயிர் நனைந்து, தூங்குகிற மாதிரி இருந்தது. அத்தை அழவில்லை. அதன் வாயை ஒரு விரலால் திறந்து, ஈறைத் தடவிவிட்டு, மூடினாள். ஒரு வாய்கூடப் போடாமல் அவள் கையை விட்டுப் போனது அது ஒன்றுதான்.

மூன்று நாள் மாமா காலையும் மாலையும் அசை எடுத்து வந்தார். இப்போது பாத்திரத்தில். மயிலைக்கே சலித்துப்போய், அவர் தலை தெரிந்தாலே வாயை இறுக்கிக்கொண்டது. பிச்சிக்குக் கண் குழி விழுந்துவிட்டது. மடி வற்றித் தொங்கியது. வைக்கோலை முகர்ந்து பார்க்கும், தின்னாது. அத்தை ஒரு பிடி வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள், நீட்டமாட்டாள். நீட்டப் பயம்.

நான்காம் நாள் மதியம் பிச்சி தானாகக் கழுத்தை நீட்டி, அவள் கையிலிருந்து நான்கு வைக்கோல் தாளை இழுத்தது. மென்றது. விழுங்கியது. வெகு நேரம் கழித்து, தொண்டையில் கீழிருந்து மேலே ஓர் உருண்டை ஏறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. ஒருதரம், இன்னொரு தரம். ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நான் வரேன்" என்றார்.

"ஒக்காருண்ணே" என்றாள் அத்தை.

உள்ளே போய்த் தட்டுகளும் சோற்றுப் பானையும் குழம்பும் கொண்டுவந்தாள். ஒரு தட்டை அவர்முன் வைத்தாள். கரண்டியைப் பானைக்குள் விட்டவள், அப்படியே நின்றாள்.

"எவ்வளவு போடட்டும்?"

சோற்று நேரத்துக்கு வந்து படலோரம் நின்றிருந்த நான், அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்ததை நம்பாமல் இன்னொரு தரம் கேட்க மாட்டாளா என்று பார்த்தேன்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கரண்டி."

இரண்டு போட்டாள். மூன்றாவது கரண்டி நிறைந்து பானைக்கு மேலே வந்து, ஆவியோடு கொஞ்ச நேரம் நின்றது. திரும்பப் பானைக்குள்ளேயே போனது.

"வேணும்னா கேளு."

"கேக்குறேன். நீ தின்னியா?"

"நான் அப்பவே தின்னுட்டேன்."

மாமா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். "எட்டு வயசுலேந்து இதையே சொல்ற. பானை கழுவுன தண்ணியத்தான் குடிப்பன்னு எனக்குத் தெரியாதா? அப்பயே எனக்குத் தெரியும். பசியில தெரியாத மாதிரி இருந்துட்டேன்." இடது கையால் இன்னொரு தட்டை இழுத்து அவள்முன் தள்ளினார். "போட்டுக்க."

அத்தை கொஞ்சம் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எதிரே பிச்சியின் தாடை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.